தங்கையின் கையில் இருந்த கேமரா

நம் வயதுக்காரர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னென்னவோ செய்கிறோம். என்னோடு படித்த ஒருத்தி மாடித் தோட்டம் போட்டிருக்கிறாள். இன்னொருத்தி மாதம் தவறாமல் ஒரு கோயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். நான் பழைய கேமராக்களை வாங்கிச் சேர்க்கிறேன். பெரம்பலூரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப வேலை செய்யுமாங்க?" என்று கேட்பார்கள். செய்யும் என்பேன். "எதுக்குங்க இத்தனை?" என்பது அடுத்த கேள்வி. பொழுதுபோக வேண்டுமே என்று சொல்லி காபி கலக்கப் போய்விடுவேன்.

அது பொய். நம்மில் யாருக்கும் இனி யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய தேவையில்லை. அதனால் உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன்.

என் சின்ன வயதில் நாங்கள் அரியலூரில் இருந்தோம். அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கிளார்க். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே நாங்கள், மேலே இருந்த ஒற்றை அறையில் சித்தப்பா. அப்பாவின் தம்பி. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். கல்யாணம் ஆகவில்லை. நான் எட்டாம் வகுப்பு, தங்கை ஆறாம் வகுப்பு. நான் வகுப்பில் முதல் ரேங்க். தங்கை எத்தனையாவது ரேங்க் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவள் வாங்கியதும் இல்லை. அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சித்தப்பா விடுமுறை நாட்களில் திருச்சிக்குப் போய்விட்டு வருவார். பழைய சாமான்கள் விற்கும் பஜாரில் தேடித் தேடி மூன்று கேமராக்கள் வாங்கி வைத்திருந்தார். மூன்றும் தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. ரஷ்யாவில் செய்த ஒன்று, ஜப்பானில் செய்த இரண்டு. ரஷ்யக் கேமரா இரும்புப் பூட்டு மாதிரி கனக்கும். ஜப்பான் கேமராக்களில் ஒன்றின் ஓரங்களில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரியும். அதைத்தான் அவர் அதிகம் எடுப்பார். தோல் உறையைத் திறந்தால் புது செருப்புக் கடையும் வேப்பெண்ணெயும் கலந்தது போல ஒரு வாசனை வரும். பட்டனை அழுத்தினால் சத்தமே வராது. யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்த மாதிரி ஒரு 'ச்' மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தார். அம்மா வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள். சித்தப்பா எல்லோரையும் பார்க்கச் சொன்னார்.

"உள்ள பாரு. நடுவுல சின்னதா ஒரு மஞ்சக் கட்டம் தெரியுதா? அதுக்குள்ள மட்டும் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். இந்த வளையத்தத் திருப்பு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஒண்ணா ஆயிடுச்சுன்னா, அதான் சரியான தூரம். அப்பப் பட்டன அமுக்கு."

அம்மா மாவு ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அட, ஆமா தம்பி! தண்ணித் தொட்டி ரெண்டா இருந்துச்சு, இப்ப ஒண்ணாயிருச்சு." தங்கை பார்த்தாள். சத்தமே போடவில்லை. வாய் மட்டும் மெல்லத் திறந்தது. வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிடுங்க வேண்டியதாயிற்று.

நான் பார்த்தேன். எனக்கு மஞ்சள் கட்டம் என்று எதுவும் தெரியவில்லை. பாலில் மஞ்சள் விழுந்த மாதிரி நடுவில் ஒரு கறை. தண்ணீர்த் தொட்டி ஒரு சாம்பல் மூட்டை. வளையத்தைத் திருப்பினேன். மூட்டை மூட்டையாகவே இருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது" என்றேன். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்கு, ஆறாம் வகுப்புக்காரிக்குத் தெரிந்தது தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து தங்கை மாடியே கதியென்று கிடந்தாள். சித்தப்பா அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததாக நினைக்காதீர்கள். அவருக்கே அவ்வளவாகத் தெரியாது. வாங்குவதில் இருந்த ஆசை அவருக்குத் தெரிந்துகொள்வதில் இல்லை. கேமராவோடு வந்த ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதைத் தங்கை என்னுடைய டிக்ஷனரியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு வார்த்தைக்கு என்னிடம் அர்த்தம் கேட்டபோது வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவளே சரியான அர்த்தத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, அது அது இல்ல, இது" என்று எனக்குச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிற மாதிரிச் சொன்னாள்.

சித்தப்பா எடுக்கும் படங்கள் எல்லாம் மங்கலாகவே வந்துகொண்டிருந்தன. கடைத்தெரு ஸ்டுடியோவில்தான் கழுவக் கொடுப்பார். படம் வந்ததும் ஸ்டுடியோக்காரரோடு சண்டை. "கெமிக்கல் சரியில்லைங்க" என்பார் இவர். "உங்க கையி ஆடுதுங்க" என்பார் அவர். இப்படியே மூன்று ரோல் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் தங்கை மாடியிலிருந்து ஓடிவந்தாள். "சித்தப்பா, வளையத்துல எட்டு ஒண்ணு படுத்துக்கெடக்குல்ல? ரொம்பத் தூரத்துல இருக்கறதுக்கு அங்க வைக்கணும்னு புக்குல போட்டிருக்கு. அங்க வச்சுட்டு ஆலை சிம்னியப் பாத்தேன். ரெண்டு சிம்னி தெரியுது. ஒண்ணாத்தானே தெரியணும்?"

சித்தப்பா மேலே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கீழே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. கேமராவுக்குள் தூரத்தை அளக்கிற பாகம் இம்மி நகர்ந்திருக்கிறது. மஞ்சள் கட்டம் இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறது, அவர் நம்பியிருக்கிறார். வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய் உள்ளே ஒரு கடுகளவு ஸ்க்ரூவைத் திருப்பியதும் சிம்னி ஒன்றாயிற்று. அடுத்த ரோலில் அம்மாவின் மூக்குத்திக் கல் தனித்தனியாகத் தெரிந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். அரை டஜன் வாழைப்பழம் வாங்கி வந்து தங்கையின் கையில் கொடுத்தார். "சார், இது சாதாரணக் கண்ணு இல்லீங்க. கண்ணுக்குள்ள அளவுகோல் வச்சுப் பொறந்திருக்கு ஒங்க வூட்டுப் பொண்ணு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. கையெழுத்து மட்டும் போடுவார். முதல் ரேங்க் என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அந்த வாழைப்பழத்தை நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா வெளியே கிளம்பினால் தங்கையைக் கூப்பிடுவார். "பெரிய பாப்பா, நீயும் வாயேன்" என்று என்னையும் கூப்பிடுவார். அந்த 'நீயும்' இருக்கிறதே, அது சோற்றில் கிடக்கும் கல் மாதிரி. நான் பாதி நாள் போகமாட்டேன். போனால் ஏன் போனோம் என்று இருக்கும். அவள் ரிப்பனை ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் நோட்டில் மை கொட்டியிருக்கிறேன். அவளுக்கு அம்மை போட்டால் இந்த லீவு முழுக்க படுத்துக் கிடப்பாளே என்று நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் இவ்வளவு யோசிப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். யோசிப்பாள்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு, ஆலை நண்பரின் ஜீப்பில் செந்துறைப் பக்கம் போனோம். அங்கே ஒரு ஓடை. தண்ணீர் கிடையாது. வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கரை இடிந்து விழுந்திருந்த இடத்தில் உருண்டைக் கற்கள் சில பாதி மண்ணுக்குள் இருந்தன. நம் ஊர்க்காரர்களுக்குக் கல்லில் நத்தையும் சிப்பியும் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை; சின்ன வயதில் எல்லோரும் பொறுக்கி டவுசர் பையிலும் பாவாடை மடியிலும் போட்டிருக்கிறோம். இது அப்படி இல்லை. ஒரே அளவில், உரித்த தேங்காயை விடக் கொஞ்சம் பெரியதாக, ஒட்டி ஒட்டி ஏழெட்டு இருந்தன. ஒன்று விண்டிருந்தது. அதன் விளிம்பில் மெல்லிய ஓடு மாதிரி ஒரு தடம்.

சித்தப்பா முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "முட்டை மாதிரி இருக்கே..." என்றார். "ஆலைக்கு வந்த ஜியாலஜிஸ்ட் சார் ஒருத்தரு சொன்னாரு, பல கோடி வருஷத்துக்கு முந்தின மிருகம் போட்ட முட்டையெல்லாம் இந்தப் பக்கம் கல்லாக் கெடக்கலாம்னு. போட்டோ எடுத்துட்டுப் போயி திருச்சி காலேஜுல காட்டுவோம். தொடாதீங்க, இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனவர், ஒரு கணம் நிறுத்தித் தங்கையிடம் நீட்டினார். "நீயே எடு. இது பிசகக் கூடாது."

அவள் வெறுங்காலோடு கொதிக்கிற மணலில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து படம் எடுத்தாள். அளவு தெரிவதற்காக ஒரு படத்தில் கல்லின் பக்கத்தில் தன் செருப்பை வைத்தாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரோலில் இன்னும் சில படங்கள் மிச்சம் இருந்தன. ஃபிலிமை வீணாக்கக்கூடாது, முடித்துவிட்டுக் கழுவலாம் என்று சித்தப்பா கேமராவைத் தங்கையிடமே கொடுத்துவைத்தார். அவள் அதைத் துணி சுற்றி எங்கள் அறை அலமாரியில், தன் பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, எல்லோருக்கும் லீவாக இருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டின்போது அது நடந்தது. நான் சும்மா, "நானும் ஒரு போட்டோ எடுக்கறேன் சித்தப்பா" என்றேன். அவர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். தங்கை ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்காவுக்கு ரெண்டும் ஒண்ணாகறது தெரியாது சித்தப்பா. அன்னிக்கு மாடியிலயே தெரியல. தெரியுதுன்னு சும்மா சொல்லிச்சு" என்றாள்.

"அப்படியா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்றா."

"பொய் இல்லம்மா. அப்புறம் ஒருநாள் நான் வளையத்தத் தப்பா வச்சுக் குடுத்தேன். அப்பவும் நல்லாத் தெரியுதுன்னுச்சு."

சோதித்திருக்கிறாள். என்னை. அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிராமல், "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன? எல்லாத்துலயும் தான்தான் மொதல்ல வரணும்னு ஒரு கர்வம்" என்றார். சித்தப்பா பேச்சை மாற்றினார். யாருக்குமே, ஒருத்திக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் படுத்துவிட்டார்கள். சித்தப்பா ஷிப்டுக்குப் போனார். தங்கை கூடத்தில் தூங்கினாள். நான் அலமாரியைத் திறந்து, புத்தகங்களை நகர்த்தி, துணியைப் பிரித்தேன். கேமராவின் அடியில் ஒரு சின்னக் கொக்கி. அதை இழுத்தேன். பின்கதவு தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே ஃபிலிம் பழுப்பும் சாம்பலுமாக, வெண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. ஒன்றுமே இல்லை அதில். படங்கள் வரிசையாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் கம்பிகளின் நிழல் அதன் மேல் விழுந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்து, பெட்டி பெட்டியாகத் தடதடத்து, நிற்கிற வரைக்கும் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடினேன். துணியைச் சுற்றினேன். புத்தகங்களை இருந்த மாதிரியே அடுக்கினேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பொறுக்க முடியாமல் சித்தப்பா மிச்சத்தை எடுக்காமலேயே ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் ஈரம் உலராத ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரோலின் ஆரம்பத்தில் எடுத்த படங்கள் சிலவற்றில் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. போகப் போகக் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஓடையில் எடுத்த ஐந்தும் அட்டைக்கரி. "பின்கதவு தொறந்திருக்குங்க. வெளிச்சம் எறங்கிருச்சு. கடைசியா எடுத்ததுதான் சுருள்ல மேல இருக்கும், அதான் அதுங்க மொத்தமாப் போயிருச்சு" என்றார்.

சித்தப்பா தங்கையிடம் மெதுவாகத்தான் கேட்டார். "தொறந்தியா பாப்பா?"

"இல்ல சித்தப்பா."

"நெனச்சுப் பாரு. தொடைக்கும்போது, உறையில போடும்போது..."

"இல்ல." பிறகு அவள் முகத்தில் ஒரு யோசனை வந்தது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "துணி சுத்தும்போது கொக்கி மாட்டியிருக்குமோ?" என்று அவளே கேட்டாள். அவளே அழ ஆரம்பித்தாள்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி ஓடைக்குப் போனார்கள். அதற்குள் பாதைக்கு மண்ணடிக்கிறவர்கள் கரையை வெட்டி எடுத்திருந்தார்கள். கல்லும் இல்லை, கரையும் இல்லை. சித்தப்பா அவசரப்பட்டு ஆலையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். படம் இல்லை, கல்லும் இல்லை என்றதும் அங்கே அவருக்கு 'முட்டை' என்று பெயராயிற்று. ஆலை ஆட்களின் பிள்ளைகள் வழியாக அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு வந்து தங்கையிடம் ஒட்டிக்கொண்டது. அவை உண்மையிலேயே முட்டைகள்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது நம் ஊர்க் கல்லையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்து அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு உருண்டைக் கல்லுக்கு முன்னால் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அப்பா சித்தப்பாவிடம், "வெளயாட்டுச் சாமான வாங்கி ஊர் சிரிக்க வச்சுக்கிட்டியே" என்றார். சித்தப்பா அந்த வருஷமே இரண்டு கேமராவை விற்றுவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போனார். அம்மா வைதது தங்கையை இல்லை, அவள் கையை. "அவ கையி ராசியில்லாத கையி. எதத் தொட்டாலும் விடியாது" என்று ஒருநாள் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தபோது சொன்னாள். சும்மா வாயில் வந்ததுதான். ஆனால் அது வீட்டில் நிலைத்துவிட்டது. குத்துவிளக்கை நான்தான் எடுத்து வைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியை நான்தான் திறக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்: பல வருஷம் எனக்கு அது பிடித்திருந்தது.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. டாக்டர் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இத்தன நாளு போர்ட எப்படிம்மா பாத்த?" என்றார். நான் பார்த்ததே இல்லை. டீச்சர் சொல்வதைக் கேட்டே எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வேப்பமரத்துக்குத் தனித்தனியாக இலைகள் இருந்தன. எதிரே வருகிறவர்களின் முகம் தூரத்திலேயே தெரிந்தது. தெருவில் பார்த்தும் பேசாமல் போகிறாள், தலைக்கனம் என்று என்னைப் பற்றி உறவில் ஒரு பேச்சு உண்டு. அது தலைக்கனம் இல்லை, கிட்டப்பார்வை. அன்றைக்கு மாடியில் யாராவது ஒருவர் என்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த நினைப்பில் பாதி, நான் செய்ததற்கு வேறு யாரையாவது பொறுப்பாக்குகிற முயற்சி.

நான் படித்தேன், பெரம்பலூரில் அரசு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கையைப் பன்னிரண்டோடு நிறுத்தி ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். வாழ்க்கை ஓடியது.

ஓய்வு பெற்ற வருஷம் திருச்சியில் நடைபாதைக் கடை ஒன்றில், பழைய டார்ச் லைட்டுகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே ஒரு ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட கண்ணை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கட்டம் தெரிந்தது. எதிரே கரும்புச்சாறு வண்டிக்காரர் இரண்டு பேராக நின்றார். வளையத்தைத் திருப்பினேன். இரண்டு பேரும் நெருங்கி, தொட்டு, ஒருவர் ஆனார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் ஆரம்பம். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சிலந்தி வலை போல இருக்கும். வெளிச்சத்தை மறைக்கிற துணி ஷட்டரில் ஊசி ஓட்டை இருந்தால் படத்தில் நட்சத்திரம் விழும். தூரக் கட்டம் மங்கியிருந்தால் பஞ்சை எதில் நனைத்துத் துடைக்க வேண்டும், எதைக் கனவிலும் தொடக்கூடாது. இன்றைய போன் எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. இதில் நாம்தான் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். படத்துக்கு வெளியே நடந்து வருகிறவர்களும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தெரிவார்கள். எப்போது உள்ளே வருவார்கள் என்று காத்திருக்கலாம். இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். ஆனால் அடியில் இருக்கிற காரணம் ஒன்றே ஒன்று. அவளுக்கு இருந்தது எனக்கும் வேண்டும். ஒன்பது வாங்கியும் அந்த ஆசை தீரவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் தங்கை பெரம்பலூர் வந்து என் வீட்டில் தங்கினாள். அதற்கு முன்பெல்லாம் அவள் வருகிறாள் என்றால் கேமராக்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவேன். அந்த முறை சொல்லாமல் வந்துவிட்டாள். பீரோவுக்கு முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எடுத்துப் பாருடி" என்றேன்.

"வேணாங்க்கா. என் கையி சரியில்ல. ஒனக்குத் தெரியாதா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பேரன் பொறந்தப்பக்கூட மூணு மாசம் தூக்கல. தல நிக்கட்டும்னு இருந்தேன். மருமவ தப்பா நெனச்சுக்கிச்சு, பாட்டிக்குப் புள்ள மேல ஆசையில்லன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் கதவத் தொறந்தது நான்."

"எந்தக் கதவு?"

"கேமராக் கதவு. சித்தப்பா கேமரா. நீ தூங்கிட்டிருந்த. நான்தான் தொறந்து வெளிச்சத்துல காட்டுனேன். வேணும்னுதான் செஞ்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். முந்திரிக் கொட்டை உடைத்து, அதன் பாலில் வெந்து கறுத்த விரல்கள்.

"ஏங்க்கா?"

"பொறாம."

"எம் மேலயா? ஒனக்கா?" அவளுக்கு நம்ப முடியவில்லை. "நீதான மொத ரேங்க்கு."

"ஆமா."

விரல்களை மடக்கி விரித்துவிட்டுச் சொன்னாள்: "கொக்கி மாட்டுன மாதிரி எனக்கு ஞாபகமே இருக்குக்கா. துணி சுத்துறேன், டக்குனு ஒரு சத்தம் கேக்குது. இத்தன வருஷமா அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. இல்லாத சத்தமா அது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். இரண்டு மாதம் போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. அவள் மகன் எடுத்து, "அம்மா தோப்புல இருக்காங்க பெரியம்மா" என்பான். பின்னணியில் அவள் குரல் கேட்கும்.

பிறகு ஒருநாள் காலை மகனோடு வந்தாள். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "பீரோவத் தொறக்கா" என்றாள்.

திறந்தேன். இந்த முறை கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டிப் பார்த்தாள், சுற்றினாள், காதோரம் வைத்துப் பட்டனை அழுத்திக் கேட்டாள். ஐந்தாவதில் நின்றாள். நான் ஆறு மாதம் தேடி, கெஞ்சி, சென்னையிலிருந்து வரவழைத்தது அது. ஒன்பதில் அது ஒன்றுதான் நிஜமான பொக்கிஷம். மற்ற எட்டும் அதற்குத் துணை. அவளுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

"இது எனக்கு" என்றாள்.

வேறு ஒன்றை எடுத்துக்கொள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "எடுத்துக்க" என்றேன். அவள் மகன்தான் சங்கடப்பட்டான். "வெல ஒசந்ததா இருக்கப் போவுது பெரியம்மா" என்றான். "இருக்கட்டும்டா" என்று அவளே பதில் சொன்னாள்.

மாதக் கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஃபிலிமைக் கழுவச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். போன வாரம் போனில் ஒரு படம் வந்தது. செய்தி எதுவும் இல்லை, படம் மட்டும். முந்திரி மரத்தடியில் கயிற்றுக் கட்டில். அவள் கணவர் மடியில் பேரன் வாய் பிளந்து தூங்குகிறான். இலைகளின் வழியே இறங்கிய வெயில் பிள்ளையின் கன்னத்தில் ஒரே ஒரு இடத்தில் பட்டிருக்கிறது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். பிள்ளையின் இமைக்குப் போனேன். ஃபோகஸ் பிசகியிருக்கும், கொஞ்சமாவது காதுப் பக்கம் நழுவியிருக்கும் என்று தேடினேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. என் ஒன்பது கேமராவில், இத்தனை வருஷத்தில், நான் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துணி மடித்தேன். பாத்திரம் கழுவினேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் கூப்பிட்டேன். இந்த முறை அவளே எடுத்தாள்.

"படம் நல்லா இருக்குடி" என்றேன்.

அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது.

"பெருசு பண்ணிப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் கெடைக்கலையா?"

"இல்லடி" என்றேன். "ஒண்ணும் கெடைக்கல."

அவள் சிரித்தாள்.